மார்க்கைக் காட்டுவதற்கு முன்னால்

கவிதா கேட்டது இரண்டே பக்கம். ஈப்போவில் நாங்கள் நடத்திவந்த பயிற்சி நிலையத்தின் மாடி வகுப்பை இந்த வருஷத்தோடு மூடுகிறார்களாம். இனி எல்லாம் இன்டர்நெட் வழியாக, அவரவர் வீட்டிலிருந்தபடியே. அதற்காக ஒரு சின்ன மலர் போடுகிறார்கள். "அப்பல்லாம் மாதிரிச் சோதனை எப்படி நடத்துனீங்கன்னு எழுதிக் குடுங்கக்கா. சந்தோஷமான ஞாபகமா இருக்கட்டும்லா" என்றாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள்தான். நல்ல பெண், ஆனால் வாய் ஓயாது. போனை வைக்கிற நேரத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். நாங்கள் பயிற்சி கொடுத்த வணிகப் பள்ளி நுழைவுத் தேர்வில் இப்போது முதலில் மார்க்கைக் காட்டிவிடுகிறார்களாம். பார்த்த பிறகுதான் வைத்துக்கொள்கிறாயா, ரத்து செய்கிறாயா என்று கேட்கிறார்களாம். "உங்க காலத்துல கண்ணக் கட்டி விட்ட மாதிரி இல்ல?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்பில் எதை ஏற்றினேன் என்பதே மறந்து, பருப்பு அடிப்பிடித்து வாசனை வந்த பிறகுதான் எழுந்து போனேன். ஆகவே நான் எழுதப்போவது சந்தோஷமான ஞாபகமாக இருக்காது. போடுவதும் போடாததும் கவிதாவின் பாடு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டீச்சர் இல்லை. ஒரு ஈயக் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன், அதை மூடியதும் இங்கே வந்தேன். கோலாலம்பூருக்குப் போய் ஒரு வாரம் உட்கார்ந்து தேர்வறை எப்படி நடத்துவது என்று பார்த்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான் என் படிப்பு. கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தது கனகசபை சார். வாராவாரம் சனிக்கிழமை காலையில் நிஜத் தேர்வு மாதிரியே கணினியில் ஒரு சோதனை நடக்கும். அந்த அறைக்குக் காவல் நான். இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன்.

வருகிறவர்கள் எல்லாரும் வேலையில் இருப்பவர்கள். பேங்கு, ஆஸ்பத்திரி, ஃபேக்டரி என்று பல இடத்து ஆட்கள். வாசலில் ஐசி என்கிற அடையாள அட்டையை வாங்கி முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன், வாராவாரம் பார்க்கிற முகமாக இருந்தாலும் சரி. பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். சட்டைக் கையை முழங்கை வரை மடக்க வேண்டும். மோதிரத்தைத் தவிர, கைக்கடிகாரம் உட்பட எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிட வேண்டும். கணக்குப் போட காகிதம் கிடையாது. பிளாஸ்டிக் பூசிய ஐந்து தாளும் ஒரு மார்க்கர் பேனாவும் கொடுப்பேன். எழுதியதை அழிக்க முடியாது. தாள் தீர்ந்தால் கையைத் தூக்க வேண்டும், நான் எழுந்து போய் மாற்றிக் கொடுப்பேன். நடுவில் எட்டு நிமிஷம் இடைவேளை. ஒரு விநாடி பிந்தி வந்தாலும் அது அடுத்த பகுதியின் நேரத்தில் கழியும். ஒரு பேங்கு அதிகாரி, இது என்ன ஜெயிலா என்று எகிறினார். அங்கே இதைவிட மோசமாக இருக்கும், இங்கேயே கத்திவிட்டுப் போங்கள் என்று சொன்னேன். என் வாய் அப்படி. அந்த வாயைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கனகசபை சாரின் குடும்பம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். சார் அரசாங்கப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். பயிற்சிக் கணக்குகளைத் திருத்துவதும் பென்சிலில்தான், பேனாவால் ஒருவருடைய தப்பை எழுதக் கூடாது என்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னை எதிரே உட்காரவைத்து, வாயைத் திறக்கக் கூடாத விஷயங்கள் மூன்று என்றார். அதிர்ஷ்டம் உண்டாகட்டும் என்று யாரையும் வாழ்த்தக் கூடாது. அடுத்தவர் எப்படிச் செய்தார் என்று சொல்லக் கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"மெஷின் எப்பிடிக் கேள்வி எடுக்குதெண்டு ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது, பிள்ளை."

இந்தத் தேர்வு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேள்வித்தாள் எல்லாருக்கும் ஒன்று கிடையாது. ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் கணினி அடுத்ததைக் கஷ்டமாகக் கொடுக்கும். தப்பாகச் சொன்னால் சுலபமாகக் கொடுக்கும். இப்படி ஏற்றி இறக்கித்தான் ஆளை எடைபோடும். இன்டர்நெட்டில் தேடினால் யாருக்கும் கிடைக்குமே சார், இதில் என்ன ரகசியம் என்று நான் கேட்டேன். தேடிக் கண்டுபிடிப்பவன் பாதி நம்புவான், பாதி நம்பமாட்டான், அதனால் கெடுதல் இல்லை என்றார். எங்கள் வாயிலிருந்து போனால் அது அவனுக்குச் சட்டமாகிவிடும். பிறகு அவன் கேள்வியைப் பார்க்கமாட்டான், மெஷினின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்றார். எனக்கு அது வயசானவர் பேச்சாகத்தான் பட்டது.

தவமணி எங்களிடம் வந்தபோது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. தைப்பிங் பக்கம் கமுந்திங்கில் கையுறை செய்யும் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். சுங்கை சிப்புட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டம் இப்போது இல்லை, பாதி செம்பனை, பாதி தாமான் குடியிருப்பு வீடுகள். நானும் அதே பக்கத்துத் தோட்டத்துக்காரி என்பதால் வந்த முதல் வாரமே ஒட்டிக்கொண்டோம். வேலை செய்துகொண்டே தபால் வழியில் படித்து ஒன்பது வருஷத்தில் பட்டம் வாங்கியிருந்தாள். அவள் வேலை பழக்கிக்கொடுத்த மூன்று பேர் அவளுக்கே மேலதிகாரிகளாகிவிட்டார்கள். அந்த வருஷம் ஃபேக்டரியில் ஒரு ஆளைக் கோலாலம்பூரில் வணிகப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்கவைப்பதாகச் சொன்னார்கள். திரும்பி வந்தால் மேனேஜர். தேர்வில் அவர்கள் சொன்ன மார்க்கைத் தாண்ட வேண்டும், சேரும்போது நாற்பது முடிந்திருக்கக் கூடாது. அவளுக்கு அது ஒரே ஒரு தடவைதான், அடுத்த வருஷம் என்ற பேச்சே கிடையாது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். தைப்பிங் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, பெய்யாத நாள் குறைவு. நனைந்த சப்பாத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, ஜப்பான் சிலிப்பரில் மாடி ஏறுவாள். தண்ணீர் கொதிக்கிற கெட்டில் பக்கத்தில் காலுறையை விரித்துக் காயவைப்பாள். தப்பாகப் போட்ட கணக்கையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, ஏன் தப்பு என்று கீழே ஒரு வரி எழுதுவாள். "அவசரம்." "கேள்விய முழுசா படிக்கல." "எனக்கே தெரியும்னு நெனச்சிட்டேன்." இப்படி. ஆறு மாசத்தில் நான்கு நோட்டு முடிந்தது. சட்டைக் கையை மடக்கச் சொல்லி ஒரு நாளும் அவளிடம் நான் சொல்ல வேண்டி வந்ததில்லை, படி ஏறும்போதே மடக்கிக்கொண்டு வருவாள்.

இடைவேளை எட்டு நிமிஷத்தில் பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டே பேசுவோம். ஒரு நாள் தன் அம்மா கதையைச் சொன்னாள். அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள். பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோனால் கணக்கு எழுதும் கிராணி ஒரு மிதவைக் குழாயை வாளிக்குள் விட்டுத் தண்ணி கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு தடவை மரம் நன்றாகப் பால் கொடுத்து வாளி வழக்கத்தைவிட நிறைந்துவிட்டது. கிராணி குழாயை எடுக்கக்கூட இல்லையாம். இவ்வளவு பால் எங்கிருந்து வந்தது, தண்ணி ஊத்தினாயா என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றைக்கு அந்தம்மா கூனிக்குறுகிப் போனவள்தான். அதற்குப் பிறகு வாளி என்றைக்காவது அதிகமாக நிறைந்தால், ஸ்டோருக்குப் போகுமுன் கொஞ்சம் பாலைச் சாக்கடைக் கானில் கொட்டிவிடுவாளாம். நல்ல பாலை. தவமணி இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், நானும் சிரித்தேன். எங்கள் தோட்டத்திலும் அப்படிக் கொட்டியவர்கள் உண்டு.

நிஜத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அது நடந்தது. மாதிரிச் சோதனையின் இடைவேளையில் தவமணி வெளியே வந்து, டீயைத் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. என்ன என்று கேட்டதும் அழுதுவிட்டாள். ஒவ்வொரு கேள்வியும் முந்தினதைவிட மோசமாக வருகிறதாம், ஒன்றுமே பிடிபடவில்லையாம். தன்னை மாதிரி ஆட்களுக்கு இது எதற்கு, தேர்வு எழுதி முடித்தால் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில்தான் ஒரு கட்டில் போடணும் என்றாள். சாரிடம் சொல்லிப் பேரை எடுத்துவிடப்போகிறேன் என்று பையைத் தேடினாள். நாலு நிமிஷம் போய்விட்டது. என் கையில் கடிகாரம் ஓடுகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு மாசம் ஈரச் சப்பாத்தோடு வந்தவளைப் பையோடு இறங்கிப் போக விடுவதா?

"பைத்தியக்காரி, கஷ்டமா வந்தா நீ மேல போறேன்னு அர்த்தம்" என்றேன். "சரியா செய்யச் செய்யத்தான் அது கஷ்டமா குடுக்கும். சுலபமா வந்தா அப்பப் பயப்படு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நெஜமாவாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். உள்ளே போய் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஃபேக்டரி கேட்ட மார்க்கைத் தாண்டினாள். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் தாண்டினாள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே. சார் அவள் மார்க்குத் தாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சார் ஆறு மாசம் செய்ததை நான் எட்டு நிமிஷத்தில் செய்துவிட்டேன் என்று மனசுக்குள் ஒரு கொழுப்பு. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

தேர்வு பினாங்கில். துணைக்கு வாங்கக்கா என்று கூப்பிட்டாள், போனேன். அவள் மாடி ஏறிப்போனதும் கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்தேன். கிட்டத்தட்ட நாலு மணி நேரம். மூன்று கோப்பிக்கு மேல் குடிக்க முடியாமல் சும்மா இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கடைக்காரச் சீனக் கிழவர் முறைத்துக்கொண்டே இருந்தார். அவள் இறங்கி வந்தபோது முகம் அமைதியாக இருந்தது. அழுதிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

"முடிஞ்சிருச்சுக்கா" என்றாள்.

"மார்க்கு?"

"பாக்கல. ரத்து பண்ணிட்டேன்."

அப்போதைய முறை அது. கடைசிக் கேள்வி முடிந்ததும் திரையில் கேட்கும், இந்த மார்க்கை வைத்துக்கொள்கிறாயா, ரத்து செய்கிறாயா என்று. மார்க்கு என்ன என்பதைக் காட்டாது. வைத்துக்கொள்கிறேன் என்றால்தான் காட்டும். ரத்து என்றால் அது யாருக்கும், எப்போதும் தெரியாது. முடிவு செய்ய இரண்டு நிமிஷம் கொடுக்கும். தனக்குப் பத்து செகண்டே போதுமாக இருந்தது என்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பாதிக்கு மேல எல்லாம் சுலபமா வந்துச்சுக்கா" என்றாள். "ஒண்ணு வந்துச்சு, சரின்னு இருந்தேன். அப்புறம் வரிசையா அப்படியே வருது. விழுந்துட்டேன்னு அப்பவே தெரிஞ்சிருச்சு. நீங்க சொன்னீங்கல்ல. அந்த மார்க்கக் கொண்டுபோய் ஃபேக்டரில நீட்டி, அத்தன பேரு முன்னாடியும் அசிங்கப்படணுமா? எங்கம்மா மாதிரி நானே கொட்டிட்டேன்."

அவள் இரண்டு மீ கோரெங் சொல்லி, தன் தட்டைக் காலி செய்தாள். பல மாசமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள். நான் என் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தேன். திரும்புகிற பஸ்ஸில் பாகான் செராய் வயல்வெளி தாண்டும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கமுந்திங்கில் மழை. சப்பாத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். மறுபடி எழுதலாம் என்றால் ஒரு மாசத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், ஃபேக்டரி கொடுத்த தவணையோ அந்த வாரத்தோடு சரி.

திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன். ரத்து செய்துவிட்டாள், கடைசியில் சுலபமாக வந்ததாம் என்றேன். அவர் அவளுடைய கடைசி மூன்று சோதனைத் தாளையும் எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். வெகுநேரம் பார்த்தார். ஆறு மாசத்துக்கு முன் கஷ்டமாக இருந்த கேள்வி இன்றைக்கு அவளுக்குச் சுலபமாகத்தான் தெரியும், அதற்குத்தானே படித்தாள் என்றார். கேள்வி இறங்கவில்லை, இவள் ஏறியிருக்கிறாள். போதாததற்கு, மார்க்கில் சேராத சில கேள்விகளையும் பரிசோதனைக்காக நடுவில் கலந்துவிடுவார்கள், அவை சுலபமாகவும் இருக்கும், கஷ்டமாகவும் இருக்கும், அவற்றைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"அவ பாஸ் பண்ணியிருப்பா, பிள்ளை. எனக்கு அதில சந்தேகம் இல்லை."

பிறகு, அவளுக்கு இதை யார் சொன்னது என்று கேட்டார். இன்டர்நெட்டில் பார்த்திருப்பாள் சார் என்றேன். யோசிக்காமல், தயாராக வைத்திருந்த மாதிரி வந்தது அந்தப் பொய். அவர் என்னைப் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். ஏற்கெனவே கூராக இருந்த பென்சில். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது இடைவேளை மூலையில் கெட்டில் இல்லை, கோப்பைகள் இல்லை, நான் உட்காரும் நாற்காலியும் இல்லை. எல்லாம் அவருடைய அறைக்குப் போய்விட்டன. அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யார் சொன்னது என்று சாகிறவரைக்கும் அவர் மறுபடி கேட்கவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

சார் ஃபேக்டரிக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதினார், மாதிரிச் சோதனை மார்க்கெல்லாம் போட்டு. மரியாதையாக ஒரு பதில் வந்தது, நிஜத் தேர்வின் மார்க்கு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று. வேறு கிளையிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். தவமணி தன் வேலையிலேயே இருந்துவிட்டாள். எங்கள் நிலையத்துக்கு அப்புறம் அவள் வரவில்லை. தீபாவளிக்கு மட்டும் எனக்கு போன் பண்ணுவாள், குற்றவாளி மாதிரி நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைப்பேன். சார் சொன்னதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. முதல் வருஷம் தைரியம் வரவில்லை. அப்புறம், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயம். அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்த வருஷங்களில் இடைவேளையில் யார் அழுதாலும் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் மூணு நிமிஷம் இருக்கு என்று மட்டும் சொல்வேன். கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வாங்கினேன். கவிதாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

இதுவரை எழுதிவிட்டு நேற்று தவமணிக்கு போன் போட்டேன். பதிமூன்று வருஷம் ஆகிவிட்டது, இதற்கு மேலும் மறைக்க எனக்கு வயசு இல்லை என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, என்னைத் திட்டினால் திட்டட்டும். அவள் வேலையில் இருந்தாள், பின்னால் மெஷின் இரைச்சல். முழங்கால் வலி, இன்னும் சில வருஷம் ஓட்டிவிட்டால் ஓய்வு என்றாள். நான் சுற்றிவளைத்து, இப்போதெல்லாம் முதலில் மார்க்கைக் காட்டிவிட்டுத்தான் கேட்கிறார்களாம் தவமணி என்று ஆரம்பித்தேன்.



"நல்லதுலா, இப்ப எழுதுறவங்களுக்கு" என்றாள். "எனக்குக் காட்டியிருந்தா மட்டும் என்னக்கா? விழுந்த மார்க்குதான. அத நெனச்சு நான் ஒரு நாளும் அழுததில்ல. பாஸாயிருந்து கொட்டியிருந்தேன்னாதான் என்னால தாங்க முடிஞ்சிருக்காது. இல்லக்கா?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. அவள் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா தவமணி" என்றேன். "விழுந்த மார்க்குதான்."

அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. சாப்பிட்டீங்களாக்கா என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது, தீபாவளிக்குக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

கவிதா, இதை மலரில் போடாதே. போட்டாலும் போடாவிட்டாலும் உன் பாடு என்று மேலே எழுதியதை அடித்துவிடு. ஐசி பார்த்தது, சட்டைக் கை மடக்கச் சொன்னது, பிளாஸ்டிக் தாள், எட்டு நிமிஷம், இதையெல்லாம் வைத்து நீ கேட்ட மாதிரி சந்தோஷமாக வேறு இரண்டு பக்கம் எழுதித் தருகிறேன். நம் நிலையத்தின் பேரில் எது வந்தாலும் தவமணி ஒரு வரி விடாமல் படிப்பாள்.